இடது காதுக்காரிக்கு

அடியே,

இந்த ஹெட்போன் பஞ்சில் சாம்பிராணி வாசனை இன்னும் போகவில்லை. ஈரத்துணியால் துடைத்தேன், வாசல் கம்பியில் தொங்கவிட்டு வெயில் காட்டினேன், என் மகன் ஏதோ ஸ்பிரேகூட அடித்துப் பார்த்தான். ம்ஹூம். காதில் மாட்டும்போதெல்லாம் பாட்டு வருவதற்கு முன்னால் உன் பதினாறாம் நாள் வந்து நிற்கிறது. ஹெட்போனுக்கும் சாம்பிராணிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்களுக்கு விளக்கம் சொல்ல எனக்குப் பொறுமை இல்லை. உனக்குச் சொல்கிறேன். உனக்காக நடந்த கூத்தை நீ ஒருத்திதான் பார்க்கவில்லை.

இன்று காலையிலும் அதை மாட்டிக்கொண்டுதான் லோபாக்கில் என் வீட்டு அடுப்படியில் நின்றேன். என் வீட்டுக்காரர் முன்னறையிலிருந்து கூப்பிட்டிருக்கிறார். நான் போகவில்லை என்றதும் எழுந்தே வந்துவிட்டார்.

"எவ்வளவு நேரமா கூப்புடுறேன், காது கேக்கலையா?"

"கேட்டுச்சு," என்றேன். "பாட்டு முடியட்டும், வர்றேன்."

அந்த மனிதருக்கு இத்தனை வருடத்தில் பழகிவிட்டது. தலையை ஆட்டிக்கொண்டு தேத்தண்ணியைத் தானே கலக்கிக் குடித்தார். என்னைப் பழக்கியவள் நீ. அவரைப் பழக்கியது நான்.

போன வாரம் என் மகன் கைப்பேசியில் ஒரு பட்டியலைக் காட்டினான். ஹெட்போனில் கேட்க வேண்டிய ஆல்பங்களாம், யாரோ பெரிய விவரம் தெரிந்தவர் போட்டது. ஒன்றில் பாடகியின் மூச்சுகூடக் காதுக்குள் கேட்குமாம். இன்னொன்றில் கண்ணை மூடினால் எந்த வாத்தியம் எங்கே நிற்கிறது என்று கையை நீட்டித் தொடலாமாம். நான் மேலிருந்து கீழே வரைக்கும் தள்ளிப் பார்த்தேன். நம் ஆல்பம் இல்லை. "உங்க ஆளு இன்னும் சரியா கேக்கல லா," என்று சொல்லிக் கைப்பேசியைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அவன் சிரித்தான். நான் சிரிக்கவில்லை. அந்தப் பட்டியல் போட்டவருக்கு இரண்டு காதும் நன்றாகக் கேட்கும் போலிருக்கிறது, அதுதான் குறை.

நம் ரப்பர் எஸ்டேட்டில் பாட்டு என்றால் அது எல்லோருடையது. கோயில் திருவிழா என்றால் மரத்து உச்சியில் குழாய் ஸ்பீக்கர். கல்யாணம் என்றால் வாடகை ஸ்பீக்கர், ஆள் உயரத்துக்கு. சாதாரண நாளில் லயத்து வரிசை வீடுகளில் எந்த வீட்டு ரேடியோ சத்தமாக இருக்கிறதோ அதுதான் எல்லா வீட்டுக்கும் பாட்டு. பிடிக்கவில்லை என்று சொல்ல முடியாது. பலகைச் சுவர், பாதியில் நின்றுவிடும், கூரைக்கும் சுவருக்கும் நடுவில் அடுத்த வீட்டு இருமல்கூட நடந்து வரும். தனியாக ஒரு பாட்டைக் கேட்பது என்ற யோசனையே அங்கே யாருக்கும் வந்ததில்லை. உனக்குத்தான் வந்தது. ஊரே செவிடி என்று கூப்பிட்ட உனக்கு.

உன் வலது காது சின்ன வயதிலேயே போய்விட்டது. சீழ் வடிந்தது, யாரோ எண்ணெயைக் காய்ச்சி ஊற்றச் சொன்னார்கள், ஊற்றினார்கள், அதோடு சரி. இடது காது மட்டும் பத்திரமாக இருந்தது. ஆனால் அந்தக் கணக்கெல்லாம் ஊருக்கு எதற்கு. வலது பக்கம் நின்று கூப்பிட்டு நீ திரும்பவில்லை என்றால் செவிடி. பள்ளிக்கூடத்தில் செவிடி, பால்வெட்டில் உன் அம்மாவுக்கு உதவப் போனால் செவிடி, கோயிலில் செவிடி. நீ அழுது நான் பார்த்ததில்லை. கூப்பிட்டவர்களின் பெயரைச் சொல்லி, இடது கையால் இடது காதைத் தொட்டுக்காட்டி, "இந்தப் பக்கம் வந்து சொல்லு," என்பாய். முக்கால்வாசிப் பேருக்கு அந்தப் பக்கம் வந்து சொல்லும் தைரியம் இருக்காது.

நாம் இரண்டு பேரும் சிரம்பான் பக்கத்தில் பேக்டரி வேலைக்குச் சேர்ந்த வருடம்தான் நீ அந்த வாக்மேனை வாங்கினாய். முதல் போனஸில் உன் வயதுப் பிள்ளைகள் கொலுசு வாங்கினார்கள், சேலை வாங்கினார்கள். நான் என் அம்மாவுக்கு ஒரு மின்விசிறி வாங்கினேன். நீ உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வாக்மேனும், பெடாஸ் சந்தைக் கடையில் ஒரு கேசட்டும் வாங்கிக்கொண்டு வந்து பேக்டரி பஸ்ஸில் உட்கார்ந்தாய். பஸ்ஸே சிரித்தது. பின்சீட்டு அக்கா ஒருத்தர் சொன்னது இப்போதும் காதில் இருக்கிறது.

"செவிடிக்கு எதுக்குடி பாட்டு? சும்மா பேட்டரிதான் வேஸ்ட்டு."

நீ திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அந்த அக்கா உன் இடது பக்கத்தில்தான் இருந்தார். எல்லாம் கேட்டிருக்கும். ஜன்னல் ஓரம் நகர்ந்து உட்கார்ந்து, ஒயரைப் பிரித்து, இடது பக்கத்து மொட்டை உன் காதில் செருகினாய். வலது பக்கத்து மொட்டு சும்மா தொங்கியது. அதைப் பார்த்தாய், என்னைப் பார்த்தாய். "இந்தா, இது வீணாத்தான் போவுது. நீ வச்சுக்கோ." அப்படித்தான் எனக்குப் பாதி ஆல்பம் கிடைத்தது.

பாதி என்று அப்போது எனக்குத் தெரியாது. ஒயரில் இரண்டு மொட்டு இருந்தால் இரண்டிலும் ஒரே பாட்டுதான் வரும் என்று நினைத்திருந்தேன். ஒருநாள் நீ பாட்டோடு சேர்ந்து விரலால் தாளம் போட்டாய். நானும் போட்டேன். இரண்டும் சேரவில்லை. "என்னாடி தப்புத் தப்பாத் தட்டுற?" என்று நீ கேட்டாய். "நீதான் தப்பு, இங்க உறுமியே வர்றதுக்கு முன்ன அடிக்கிற," என்றேன். "உறுமியா? ஏது உறுமி?" என்றாய். உன் பக்கம் உறுமி இல்லை. என் பக்கம் புல்லாங்குழல் இல்லை. ஒரே பாட்டை மாதக்கணக்காகப் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டும், இரண்டு பேரும் வேறு வேறு பாட்டைக் கேட்டிருக்கிறோம்.

அன்றைக்கு நீ எவ்வளவு சந்தோஷப்பட்டாய் என்பது எனக்கு மறக்காது. வேறு யாராக இருந்தாலும் தன் காதை நினைத்துத் துக்கப்பட்டிருப்பார்கள். நீ என் தொடையில் ஓங்கி அடித்து, "அப்ப இனிமே நீ உன் பக்கம் சொல்லு, நான் என் பக்கம் சொல்றேன்," என்றாய். அதிலிருந்து அதுதான் நம் வழக்கம். போகும்போது கேசட்டின் முதல் பக்கம், வரும்போது மறுபக்கம். நான் உறுமியை வாயால் அடித்துக் காட்டுவேன், நீ புல்லாங்குழலை முனகுவாய். பேட்டரி இறங்கிப் பாடகர் குரல் மாடு கத்துவது போல இழுக்க ஆரம்பித்தால், கழற்றிப் பல்லால் கடித்துத் திரும்பப் போடுவாய், இன்னும் ஒரு பாட்டுக்குத் தாங்கும். டிரைவர் பாக்சிக், நம் பாஷை தெரியாத மலாய்க்காரர், கண்ணாடியில் பார்த்து, "ராடியோ ரோசாக் இரண்டு," என்று நமக்குப் பெயர் வைத்தார். பழுதான ரேடியோ இரண்டு. அவர் வாயில் அந்த இரண்டு மட்டும் தமிழில் வரும்.

எத்தனையோ கேசட் அப்புறம் வாங்கினாய். நாதசுரமும் தவிலும் ஒன்று இருந்தது, உன் பக்கம் முழுக்க நாதசுரம், என் பக்கம் தவில், எனக்கு வேலைக்குப் போய்ச் சேரும்போதே தலைவலி வந்துவிடும். மாதா கோயில் பாட்டு ஒன்று, பேக்டரி லைனில் என் பக்கத்தில் வேலை செய்த பிள்ளை இரவல் கொடுத்தது, அது இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வரும். அதைக் கேட்டுவிட்டு, "இதுல நமக்கு வேலையே இல்ல," என்று நீ திருப்பிக் கொடுத்துவிட்டாய். நல்ல ஆல்பம் எது என்பதற்கு உன் அளவுகோல் அதுதான். பக்கத்தில் இருப்பவளிடம் கேட்டால்தான் முழுசாகும் என்று இருக்க வேண்டும். மகனுடைய பட்டியல்காரருக்கு இது புரியாது.

ஆனால் எதுவும் அந்த முதல் கேசட்டுக்கு ஈடில்லை. உள்ளூர்க் குழு, இந்த நாட்டுப் பிள்ளைகள், அட்டையில் மூன்று பேர் கறுப்புக் கண்ணாடியோடு ஏதோ கடற்கரையில் நிற்பார்கள். போர்டிக்சன் என்று நீ சொல்வாய், இல்லை என்று நான் சொல்வேன். முதல் பக்கத்தில் அந்த ஜோடிப் பாட்டு. பதிவு செய்தவருக்கு என்ன தோன்றியதோ, ஆண் குரலை முழுக்க வலது பக்கம் வைத்துவிட்டார், பெண் குரலை முழுக்க இடது பக்கம். எனக்கு ஆண் மட்டும். உனக்குப் பெண் மட்டும். என் மொட்டில் அவள் குரல் பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ பேசுவது மாதிரி வரும், ஒரு சொல்லும் பிரியாது, பஸ் இரைச்சலில் அதுவும் போய்விடும்.

என் பக்கத்து ஆண் பெரிய ஆள். மழை விட்டதும் வருவேன், வாசலில் நில் என்பான். நான் சொன்னதைக் கேள் கண்ணே என்பான். ஊரைச் சுற்றி வருவேன், என் விளக்கை அணைக்காதே என்பான். நான் அதை உனக்குச் சொல்வேன். "அதுக்கு அவ என்ன சொல்றா?" என்று கேட்பேன்.

"மெட்டோட பாட எனக்கு வராது, அர்த்தம் மட்டும் சொல்றேன்," என்பாய். காதைக் கையால் பொத்திக்கொண்டு, நெற்றியைச் சுருக்கி, கவனமாகக் கேட்டுச் சொல்வாய். "மழை விட்டா நான் வேலைக்குக் கெளம்பிருவேன், கதவு பூட்டியிருக்கும்னு சொல்றா."

"அப்பறம்?"

"எண்ணெய் இருக்கற வரைக்கும்தான் விளக்கு எரியும்னு சொல்றா."

"சொன்னதைக் கேளுன்னானே, அதுக்கு?"

"கேட்டுட்டுதான் இருக்கேன். ஒத்துக்கிட்டதா அர்த்தம் இல்லன்னு சொல்றா."

 அந்த மாதிரி ஒரு பெண் பாட்டில் பாடி நான் கேட்டதே இல்லை. நம் லயத்தில் பேசியும் கேட்டதில்லை. ஒரே ஒரு தடவை மொட்டை மாற்றிக்கொள்ளலாமா என்று கேட்டேன், அவள் வாயாலேயே கேட்க வேண்டும் என்று. "எனக்கு இருக்கறது ஒரு காது, அதுக்கும் பங்குக்கு வர்றியா?" என்று முறைத்தாய். அதற்கு மேல் நான் கேட்கவில்லை.

உன்னைப் பெண் பார்க்க வந்தது அந்தச் சமயத்தில்தான். பையனின் அத்தை யாரிடமோ விஷயம் தெரிந்துகொண்டு வந்திருக்கிறார். நீ தட்டோடு திரும்பிய நேரத்தில் முதுகுக்குப் பின்னால் நின்று மெல்ல உன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுப் பார்த்திருக்கிறார். நீ நேராக அடுப்படிக்குள் போய்விட்டாய். வந்தவர்கள் காப்பியை முடிக்காமல் எழுந்து போனார்கள். உன் அம்மா அழுதார்கள், உன் அண்ணன் இரண்டு நாள் பேசவில்லை. பஸ்ஸில் நான் பயந்து பயந்து கேட்டேன், கேட்கவில்லையா என்று. "நல்லாக் கேட்டுச்சுடி. பின்னால நின்னு கூப்புட்டா நான் எதுக்குத் திரும்பணும்?" என்று சொல்லிக் கேசட்டைத் திருப்பிப் போட்டாய். நீ கடைசி வரைக்கும் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பாவம் என்று உன்னைச் சொன்னவர்கள் எல்லோரையும் நான் அன்றைக்கும் முறைத்தேன், இன்றைக்கும் முறைக்கிறேன்.

நான் கட்டிக்கொண்டு லோபாக் வந்தேன். வந்த முதல் மாதமே மாமியார், மாமனார், இவர், மூன்று பேரும் வரிசையாக உட்கார்ந்து எனக்குப் புத்தி சொன்னார்கள். வீட்டில் ஆள் வேண்டும், பேக்டரி வேலையை விட்டுவிடு, நாங்கள் சொல்வதைக் கேள். நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அப்போது வாயில் தானாக வந்தது. "கேட்டுட்டுதான் இருக்கேன். ஒத்துக்கிட்டதா அர்த்தம் இல்ல."

 மாமியார்தான் முதலில் பேசினார். "யாரு சொல்லிக் குடுத்தா இந்தப் பேச்சு?"

"பாட்டுல வருது," என்றேன். உண்மை என்று நினைத்துத்தான் சொன்னேன்.

வேலையை நான் விடவில்லை. பிறகு பிள்ளை பிறந்தபோதும், அதே பேச்சு திரும்ப வந்தபோதும், அதே பதில். அந்தப் பாட்டுக்காரி மட்டும் என் காதில் இல்லாமல் இருந்திருந்தால் அந்த வீட்டில் என்னைக் கரைத்துக் குடித்திருப்பார்கள். கேசட் பிற்பாடு வாக்மேனுக்குள்ளேயே சிக்கி, நாடா வெளியே குடலாக வந்து செத்துப்போனது. நீ அதைக் குப்பையில் போடவில்லை. பாக்சிக் ஓய்வு பெற்றார், எஸ்டேட் கைமாறியது, லயத்தை இடித்தார்கள், நீங்கள் எல்லோரும் பெடாஸ் பக்கம் தாமான் குடியிருப்பு வீட்டுக்குப் போனீர்கள். நாம் மட்டும் வாரம் தவறாமல் பார்த்துக்கொண்டோம்.

உன் சிறுநீரகம் கெட்டு நீ டயாலிசிஸுக்குப் போக ஆரம்பித்ததும் இந்த ஹெட்போனை வாங்கியது நான்தான். அந்த மிஷின்கள் போடும் சத்தம் உன் ஒரு காதையும் தின்றது. என் மகன் எங்கோ தேடி நம் பழைய ஆல்பத்தைக் கண்டுபிடித்தான். யாரோ ஒரு புண்ணியவான் முழுசாக ஏற்றி வைத்திருக்கிறார், நாடா இரையும் சத்தத்தோடு. உன் கைப்பேசியில் போட்டுக் கொடுத்தான். எனக்கும் போடு என்றேன். நீ விடவில்லை. "இதை நீ தனியாக் கேக்கக் கூடாது. சேந்துதான் கேக்கணும்."  எவ்வளவு பாசம் என்று நினைத்துக்கொண்டேன். நல்லாத்தான் என்னை ஏமாற்றினாய்.

பெரிய ஹெட்போனில் மொட்டைப் பங்கு போட முடியாது. நீ இடது கிண்ணத்தைக் காதில் வைத்துக்கொண்டு, வலது கிண்ணத்தை வெளியே பார்க்கத் திருப்பிவிடுவாய். நான் நாற்காலியை ஒட்டிப் போட்டுத் தலையைச் சாய்த்து அதில் காதை வைப்பேன். இரண்டு நரைத்த தலை, ஒரு ஹெட்போன். நர்ஸ்மார் படம் எடுத்தார்கள். உன் கையில் ஊசி குத்தியிருக்கும், ரத்தம் குழாயில் போய் வரும், நீ கண்ணை மூடிக்கொண்டு அவள் என்ன சொல்கிறாள் என்று எனக்குச் சொல்லிக்கொண்டிருப்பாய். கடைசி மாதங்களில் அவள் இன்னும் திமிராகப் பேசினாள். போறதா இருந்தா போ, செருப்பை மட்டும் வாசல்ல விட்டுட்டுப் போகாதே, நான்தான் தடுக்கி விழறேன் என்றுகூட ஒருநாள் சொன்னாள். பழைய பாட்டில் இது இருந்ததா என்று எனக்கு லேசாகச் சந்தேகம் வந்தது. வயதாகிவிட்டது, மறந்திருப்பேன் என்று விட்டுவிட்டேன்.

ஒருநாள் என் மகன் என்னை அழைத்துப்போக வந்தவன் நம்மைப் பார்த்துவிட்டு, "அத்தை, கைப்பேசியில ஒரு செட்டிங் இருக்கு. ரெண்டு பக்கத்தையும் ஒண்ணாக் கலந்து ஒரே காதுல குடுத்துரும். முழுப் பாட்டும் நீங்க கேக்கலாம்," என்று தட்டிக் கொடுத்தான். வாழ்க்கையில் முதல் தடவையாக உனக்கு உறுமி கேட்கப்போகிறது என்று நான் உன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். நீ கொஞ்ச நேரம் கேட்டாய். நான் தலையைச் சாய்த்து என் பக்கத்தில் காதை வைக்க வந்ததும் வெடுக்கென்று ஹெட்போனைக் கழற்றிவிட்டாய்.

"வேணாம்டா. ஒரே கூட்டமா இருக்கு. பழைய மாதிரியே வை."

"அத்தை, இதுதான் சரியான பாட்டு."

"எனக்கு அது வேணாம். எனக்கு உறுமி வேணும்னா உங்கம்மா அடிப்பா."

நான் அன்றைக்கு வீட்டுக்கு வரும் வழியெல்லாம் காரில் அழுதேன். அடுத்த மழைக்காலம் வருவதற்குள் நீ போய்விட்டாய்.

பதினாறாம் நாள் உன் அண்ணன் வீட்டில் படையல். தலைவாழை இலை விரித்து, இறந்தவருக்குப் பிடித்ததை எல்லாம் வைப்பது நம் வழக்கம். உன் அப்பாவுக்கு வைத்தபோது நான் இருந்தேன். ஸ்டவுட் பீர் போத்தல் வைத்தார்கள், அவர் குடிக்கும் சிகரெட்டைப் பற்றவைத்தே வைத்தார்கள். யாரும் முகம் சுளிக்கவில்லை. உனக்கு அண்ணி என்ன வைத்திருந்தார்கள் தெரியுமா. நீ கட்டவே கட்டாத ரோஸ் நிறச் சேலை. நீ தொடாத அல்வா. டாக்டர் உனக்குத் தடுத்த பழம் அத்தனையும். நல்ல மனதோடுதான் வைத்தார்கள், குறை சொல்லவில்லை. ஆனால் அந்த இலையில் நீ இல்லை. யாரோ ஒரு நல்ல பெண்ணுக்குப் படைத்திருந்தார்கள். அப்படியே விட்டால் இந்த ஊரும் உறவும் அந்தப் பெண்ணைத்தான் இனி ஞாபகம் வைத்திருக்கும்.

நான் உன் அறைக்குள் போய் அலமாரியிலிருந்து ஹெட்போனையும் உன் கைப்பேசியையும் எடுத்து வந்து, பாட்டைப் போட்டு, இலையில் வடைக்குப் பக்கத்தில் வைத்தேன்.

"என்னா இது?" என்றார் உங்கள் பெரியப்பா. அவர்தான் அங்கே பெரியவர். "சாமான் கடையா? எடு அதை."

"அவளுக்குப் பிடிச்சது, பெரியப்பா."

"காது கேக்காத பிள்ளைக்கு ஹெட்போனா? பாக்கறவங்க சிரிப்பாங்க. கேலி பண்றதுக்கு இதுவா நேரம்?"

அண்ணியும் என் கையைப் பிடித்தார்கள். "எடுத்துரு தங்கச்சி. துக்க வீட்டுல பாட்டு போடக் கூடாது. பெரியவங்க சொல்றதைக் கேளு."

"கேட்டுட்டுதான் இருக்கேன்," என்றேன். "ஒத்துக்கிட்டதா அர்த்தம் இல்ல. அவங்க அப்பாவுக்கு ஸ்டவுட் வச்சீங்க, சிகரெட்டு வச்சீங்க. அது உடம்புக்கு நல்லதுன்னா வச்சீங்க? இவளுக்குப் பாட்டு பிடிக்கும். இந்த வீட்டுல இவ அளவுக்குப் பாட்டு கேட்டவங்க யாரும் இல்ல. செவிடின்னு சொன்னது நீங்க. அவ ஒருநாளும் அதை ஒத்துக்கல. செத்த பிறகு அவ சார்பா நான் ஒத்துக்க மாட்டேன்."

 இலைக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டேன். எடுப்பவர் என்னைத் தாண்டித்தான் எடுக்க வேண்டும். உன் அண்ணன் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். கடைசியில் பண்டாரம்தான், அவசரமாக இன்னொரு வீட்டுக்குப் போக வேண்டியவர், சூடத்தட்டோடு குனிந்து கேட்டார். "அந்த அம்மாவுக்குப் பிடிக்குமா, பிடிக்காதா? அதை மட்டும் சொல்லுங்க."

"பிடிக்கும்," என்றார் உன் அண்ணன். இத்தனை வருடத்தில் அவர் உனக்காகப் பேசி நான் கேட்ட ஒரே சொல் அதுதான்.

"அப்ப இருக்கட்டும்," என்று பண்டாரம் சாம்பிராணியைக் காட்டினார். ஹெட்போன் பஞ்சு முழுக்கப் புகை.

அப்புறம் வழக்கப்படி அறைக் கதவைச் சாத்திவிட்டு எல்லோரும் வெளியே வந்து நின்றோம், நீ வந்து சாப்பிட்டுப் போக. பெரியப்பா உட்பட அத்தனை பேரும் பேச்சை நிறுத்திக் கதவுப் பக்கம் காதைத் திருப்பியிருந்தார்கள். உள்ளே பாட்டு ஓடிக்கொண்டிருக்கிறது. வெளியே ஒருவருக்கும் ஒரு சத்தம் கேட்கவில்லை. அந்த நேரத்தில் அந்த வீட்டில் பாட்டுக் கேட்டது நீ ஒருத்திதான்.

கதவைத் திறந்து இலையை எடுத்தார்கள். படைத்ததை இருப்பவர்கள் பகிர்ந்து எடுத்துக்கொள்ள வேண்டும். அல்வாவுக்கு ஆள் இருந்தது, சேலைக்கு இருந்தது. ஹெட்போனைத் தொட யாரும் வரவில்லை. நான் எடுத்தேன். பாட்டு சுற்றிச் சுற்றி ஓடி நம் ஜோடிப் பாட்டின் தொடக்கத்துக்கு வந்திருந்தது. சேர்ந்துதான் கேட்க வேண்டும் என்றாயே. உனக்குப் படைத்ததைத்தானே எடுக்கிறேன், இது சேர்ந்து கேட்பதுதான் என்று சொல்லிக்கொண்டு, முதல் தடவையாக இரண்டு காதிலும் மாட்டினேன்.

வலது காதில் அவன், மழை விட்டதும் வருவேன், வாசலில் நில் என்றான். இடது காதில் அவள் வந்தாள். தேனாட்டம் குரல்.

நிற்கிறேன் என்றாள். நீ சொன்னால் அதுவே போதும் என்றாள். அவன் விளக்கை அணைக்காதே என்றான், என் கண்ணையே விளக்காக ஏற்றி வைப்பேன் என்றாள். அவன் சொன்னதைக் கேள் என்றான். கேட்பேன், சொன்னபடி நடப்பேன் என்றாள். பாட்டு முடிகிற வரைக்கும் அந்தப் புண்ணியவதி ஒரே ஒரு தடவைகூட மறுக்கவில்லை.

கதவு பூட்டவில்லை. எண்ணெய் தீரவில்லை. செருப்பில் யாரும் தடுக்கி விழவில்லை. ஒத்துக்கொண்டதாக அர்த்தம் இல்லை என்று சொல்ல அந்தப் பாட்டில் ஆளே இல்லை. அத்தனையும் நீ. உனக்கு இருந்த ஒரே காதில் அவள் சரி சரி என்று பாடியதை எல்லாம் கேட்டு, அதில் ஒரு வரியையும் என்னிடம் வந்து சேரவிடாமல், பஸ் ஜன்னல் ஓரத்திலேயே தடுத்துவிட்டு, உன் பதிலை எனக்குக் கொடுத்திருக்கிறாய். அதை நம்பித்தான் நான் லோபாக்கில் மூன்று பேருக்கு முன்னால் நிமிர்ந்து நின்றேன்.

கருமாதி வீட்டின் நடுவில் நான் சிரித்தேன். அடக்க முடியவில்லை. அழுகிறேன் என்று நினைத்து அண்ணி முதுகைத் தடவினார்கள். அழவும்தான் செய்தேன்.

இப்போது தினமும் நம் ஆல்பத்தைக் கேட்கிறேன். வலது கிண்ணத்தை மட்டும் காதில் வைத்துக்கொண்டு, இடது கிண்ணத்தை வெளியே பார்க்கத் திருப்பிவிடுகிறேன். அவள் பாடுவது எனக்குத் தேவையில்லை. அவன் வழக்கம்போல வாசலில் நில், சொன்னதைக் கேள் என்று அதிகாரம் பண்ணுகிறான். திறந்திருக்கும் இடது காதில் வீடு கூப்பிடுகிறது, குக்கர் கூப்பிடுகிறது, இவர் கூப்பிடுகிறார். இரண்டு பக்கத்துக்கும் என்னிடம் ஒரே பதில்தான் இருக்கிறது, அதை உன் குரலில்தான் சொல்கிறேன். கேட்டுட்டுதான் இருக்கேன். ஒத்துக்கிட்டதா அர்த்தம் இல்ல.